இருபது நிமிடம் ஓடி நிற்கும் புல்வெட்டி

உங்கள் பள்ளித் திடலில் புல் வெட்டுபவரை நீங்கள் ஒருநாளாவது நின்று கவனித்திருக்கிறீர்களா? வகுப்பு நடக்கும் நேரத்தில் சத்தம் போடுகிறாரே என்று முணுமுணுத்திருப்பீர்கள், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் இருந்தேன், போட்டி விளையாட்டுக்குப் பத்து நாள் இருந்தபோது அந்தச் சத்தம் பாதியிலேயே நின்றுபோகும்வரை.

நான் பத்து பெரண்டாம் பக்கத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் திடலை வெட்ட ஓர் அண்ணன் குத்தகைக்கு வருகிறார். வயது ஐம்பதைத் தாண்டியவர். முன்பு தோட்டத்தில் முதுகில் மெஷினைச் சுமந்து செம்பனை வரிசைகளுக்கு நடுவே புல் வெட்டியவர். முதுகு ஒத்துழைக்கவில்லை என்றதும், சேர்த்து வைத்த காசில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்றைப் பழையதாக வாங்கினார். அதுதான் அவர் பிழைப்பு. மலாக்காவில் மழையும் வெயிலும் மாறி மாறி வருவதால் புல் ஆண்டு முழுவதும் வளரும். அவருக்கு வேலை இல்லாத வாரமே கிடையாது.

அந்த மெஷின்தான் மூன்று வாரமாகப் படுத்தியது. காலையில் ஒரே திருப்பில் கிளம்பும். இருபது நிமிடம் போல நன்றாக ஓடும். பிறகு நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், இஞ்சின் பிடிக்காது. அரைமணி நேரம் நிழலில் விட்டுவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மறுபடியும் இருபது நிமிடம். பள்ளி நிர்வாகம் வேறு ஆளைப் பார்க்கலாமா என்று பேசத் தொடங்கியிருந்தது.

“காயல் போயிருச்சாம் சார். சூடானா நின்னுருமாம். மாத்த முந்நூறு ரிங்கிட்டுக்கு மேல ஆகுமாம்,” என்றார். பட்டறையில் ஒருவர் மெஷினைப் பார்க்காமலேயே சொன்னது அது. இன்னொருவர் கார்புரேட்டரை மாற்றச் சொன்னாராம். மூன்றாமவர் மெஷினையே மாற்றச் சொல்லிவிட்டார்!

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் மூன்று பேர் மூன்று காரணம் சொல்லும்போது எது உண்மை என்று கண்டுபிடிப்பதற்குத்தானே நாம் அறிவியல் படிக்கிறோம்? அறிவியல் மன்றத்துப் பிள்ளைகள் நால்வரைக் கூட்டிக்கொண்டு அன்று மாலை திடலுக்குப் போனேன்.

முதலில் ஓர் இஞ்சின் ஓட என்னென்ன வேண்டும் என்று பார்த்துவிடுவோம். காற்று வேண்டும், பெட்ரோல் வேண்டும், சரியான நொடியில் ஒரு தீப்பொறி வேண்டும், அந்தக் கலவையை அமுக்கிப் பிடிக்க உருளைக்குள் இறுக்கம் வேண்டும். உள்ளே இழுப்பது, அமுக்குவது, வெடிப்பது, புகையை வெளியே தள்ளுவது என்று நான்கு அடிகள். ஜெர்மானியரான நிக்கோலஸ் ஓட்டோ 1876இல் ஓட்டிக் காட்டிய அதே நான்கு அடிகள்தான் இன்றும் இந்தப் புல்வெட்டியில் நடக்கின்றன. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு வீதம், ஒரு நொடிக்கு 25 வெடிப்பு. அரை நொடி பெட்ரோல் வராவிட்டால் பன்னிரண்டு வெடிப்பு போயிற்று.

இதில் காற்றின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். எடையாகச் சொன்னால் பிரமாதமாகத் தெரியாது. கொள்ளளவாகப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நம் ஊர் வெப்பத்தில் 9000 லிட்டருக்கு மேல் காற்று! புல் தூசி அடைத்த காற்று வடிகட்டியோடு இஞ்சின் ஏன் திணறுகிறது என்று இப்போது புரியும். எங்கள் அண்ணன் அதை ஏற்கெனவே தட்டிச் சுத்தம் செய்திருந்தார். இஞ்சினின் குளிர்விக்கும் தகடுகளுக்கு இடையே சிக்கிய புல்லையும் எடுத்துவிட்டிருந்தார். அனுபவசாலி. ஆகவே காற்றும் சூடும் சந்தேகப் பட்டியலில் கீழே போயின. காலையில் ஒரே திருப்பில் கிளம்பி நல்ல பலத்தோடு வெட்டுகிறது என்பதால் உருளையின் இறுக்கத்தையும் தள்ளி வைத்தோம்.

மிச்சம் இரண்டு. பொறியா, பெட்ரோலா?

இந்த இரண்டையும் பிரிக்க ஒரு நல்ல வழி, இஞ்சின் எப்படிச் சாகிறது என்று காது கொடுத்துக் கேட்பது. பொறி போனால் யாரோ சாவியை அணைத்ததுபோல் சட்டென்று நிற்கும். பெட்ரோல் குறைந்தால் அப்படி நிற்காது. சுருதி ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், இருமும், பிறகு படுக்கும். அண்ணனிடம் கேட்டோம். “நிக்குது சார், எப்படி நிக்குதுன்னு யாரு பார்த்தா? எனக்கு அந்த நேரத்துல வயித்தெரிச்சல்தான்,” என்றார். நியாயம்தான்.

அப்போது நான்காம் படிவ மாணவி ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். “அங்கிள், எல்லா நாளும் சரியா இருபது நிமிஷம்தானா? இல்ல, சில நாளு சீக்கிரம் நிக்குமா?”

அவர் தலையைச் சொறிந்தார். “நீ கேக்கிறப்பதாம்மா ஞாபகம் வருது. எண்ணெய் நெறைய ஊத்துன அன்னைக்குத்தான் சீக்கிரமா நிக்குது. கொஞ்சமா இருந்தா கூட நேரம் ஓடுது. அதான் எனக்கும் வேடிக்கையா இருக்கு.”

மாணவர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தொட்டி நிறைந்திருந்தால் சீக்கிரம் நிற்கிறது, காலியாக இருந்தால் தாமதமாக நிற்கிறது. பெட்ரோல் போதாமல் நிற்கும் வண்டி இதற்கு நேர்மாறாகத்தானே நடக்க வேண்டும்? காயல் பழுது என்றாலும் சரிப்படவில்லை. காயல் என்பது சுழலும் காந்தத்தின் அருகே வைத்த கம்பிச் சுருள். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டலால், அது பல்லாயிரம் வோல்ட் மின்சாரத்தைப் பொறிமுனைக்கு அனுப்புகிறது. உள்ளே மயிரிழை போல ஒரு முறிவு இருந்தால், சூட்டில் கம்பி விரிந்து முனைகள் விலகும். ஆறினால் மீண்டும் ஒட்டும். அதனால் ‘சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்’ என்று பட்டறைக்காரர் சொன்னது வெறும் கதை இல்லை, உண்மையிலேயே நடக்கிற விஷயம்தான். ஆனால் தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்பது காயலுக்கு எப்படித் தெரியும்?

இந்த விடுகதைக்கு விடை மாமாக் கடையில் இருக்கிறது. தே தாரிக் கலக்குபவர் கெட்டிப்பால் டின்னை எப்படித் திறக்கிறார்? மேலே ஒரு ஓட்டை போட்டால் பால் இறங்காது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடுவார். ஒன்றில் பால் வெளியே வர, மற்றொன்றில் காற்று உள்ளே போகிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் போத்தலின் அடிப்பக்கத்தில் ஆணியால் ஒரு துளை போடுங்கள். மூடி திறந்திருந்தால் நீர் பீய்ச்சும். மூடியை இறுக்கினால் கொஞ்சம் வழிந்து நின்றுவிடும். போத்தலைப் பிசையக் கூடாது, பிசைந்தால் சோதனை கெட்டது!

புல்வெட்டியின் பெட்ரோல் தொட்டிக்கும் இரண்டாவது ஓட்டை உண்டு. அது மூடியில் இருக்கும், பேனா முனை அளவுதான். பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியே காற்று உள்ளே வர வேண்டும். அது அடைந்துபோனால்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டோம். இந்த மெஷினில் பெட்ரோலை இழுக்கும் பம்ப் கிடையாது. தொட்டி கார்புரேட்டரைவிடச் சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருப்பதால் தானாக இறங்குகிறது. 30 செ.மீ. உயரப் பெட்ரோல் தரும் அழுத்தம் எவ்வளவு? உயரம் 0.3 மீட்டர், அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 740 கிலோகிராம், ஈர்ப்பு முடுக்கம் 9.8. பெருக்கினால் சுமார் 2200 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்குச் சற்று அதிகம். அதாவது தொட்டிக்குள் காற்றழுத்தம் வெறும் 2 விழுக்காடு குறைந்தாலே பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும்!

இப்போது நான்காம் படிவ இயற்பியலில் ‘ஹுக்கும் போயில்’ என்று படித்தீர்களே, அந்த பாயில் விதியை எடுங்கள். வெப்பநிலை மாறாதபோது, வாயுவின் இடம் 2 விழுக்காடு கூடினால் அழுத்தம் ஏறக்குறைய 2 விழுக்காடு குறையும். தொட்டி நிறைய ஊற்றி, மேலே அரை லிட்டர் காற்றிடம் மட்டும் இருந்தால், அதில் 2 விழுக்காடு என்பது 10 மில்லிலிட்டர், இரண்டு தேக்கரண்டி. தொட்டி பாதி காலியாகி 5 லிட்டர் காற்றிடம் இருந்தால், 100 மில்லிலிட்டர் பெட்ரோல் இறங்கிய பிறகுதான் அதே நிலை வரும். தொட்டிக்குள் பெட்ரோல் ஆவியும் இருப்பதால் உண்மையான கணக்கு இவ்வளவு நேராக இருக்காது. ஆனால் நிறைந்த தொட்டி ஏன் முதலில் மூச்சு முட்டும் என்பதற்கு இது போதும். மணிக்கு 2 லிட்டர் குடிக்கும் இஞ்சின் 100 மில்லிலிட்டரை மூன்று நிமிடத்தில் குடித்துவிடும். இவர் மெஷினோ இருபது நிமிடம் ஓடியது. ஆக, துளை முழுதாக அடைபடவில்லை, எங்கோ கொஞ்சம் காற்று கசிகிறது என்று ஊகித்தோம். அந்தக் கசிவுதான் நின்ற மெஷினுக்கு அரைமணி நேரத்தில் மெல்ல மெல்ல மூச்சு கொடுத்தது. எல்லாரும் ‘ஆறியதால் ஓடுகிறது’ என்று நினைத்தது இதைத்தான்.

கேட்க அழகாக இருக்கிறது. அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு விளக்கம் உண்மையாகிவிடாது. சோதித்தே ஆகவேண்டும். மறுநாள் தொட்டியை நிரப்பி ஓட்டச் சொன்னோம். ஒரு மாணவன் கைக்கடிகாரத்தோடு நின்றான். பதினான்காவது நிமிடத்தில் சுருதி ஏறி இறங்கத் தொடங்கியது. மூன்று நான்கு முறை இருமிவிட்டு நின்றது. சட்டென்ற சாவு இல்லை.

இப்போது எதை முதலில் செய்வது? மூடியைத் திறப்பதா, பொறியைப் பார்ப்பதா? பிள்ளைகள் மூடியைத் திறக்கத் துடித்தார்கள். நான் தடுத்தேன். மூடியைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே போய்விடும். பிறகு இஞ்சின் கிளம்பினாலும், அதற்குள் காயல் ஆறிவிட்டதோ என்ற சந்தேகம் தீராது. பொறியைப் பார்ப்பதால் தொட்டியில் எதுவும் மாறப்போவதில்லை. தடயத்தைக் கலைக்காத சோதனையை முதலில் செய்ய வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோல் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியஸ் குளிரில்கூடப் பற்றிக்கொள்ளும் ஆவியைத் தரக்கூடியது. மூடியைத் திறந்துவைத்துப் பக்கத்தில் பொறி காட்டுவது விளையாட்டல்ல.

அண்ணன் பொறி சோதிக்கும் கருவியை மாட்டிச் சாவியைத் திருப்பினார். நீல நிறத்தில் பளிச் பளிச்சென்று பொறி வந்தது. காயல் குற்றமற்றது, அதுவும் சூடாக இருக்கும்போதே! கருவியைக் கழற்றிப் பொறிமுனையைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, அவர் மூடியை மெதுவாகத் தளர்த்தினார். ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், பாம்பு சீறுவதுபோல். காற்று உள்ளே ஓடிய சத்தம் அது. மூடியை இறுக்காமல் அப்படியே வைத்துவிட்டு, கார்புரேட்டரின் கிண்ணம் நிறைய ஒரு நிமிடம் விட்டு, சாவியைத் திருப்பினார். இஞ்சின் கிளம்பியது.

மூடியைக் கழற்றிப் பார்த்தோம். துளையின் மேல் காய்ந்த சேறு. விரல் நகத்தால் சுரண்டியபோது உள்ளே இன்னும் ஆழமாகப் போயிற்று. சேறு தெறித்து ஒட்டியதல்ல அது. குளவி பூசிய மண்! நம் வீட்டுச் சன்னல் ஓரத்தில், சாவித் துவாரத்தில், சுவரின் ஆணி ஓட்டையில் கூடு கட்டுமே, அதே குளவி. அதற்கு வேண்டியது ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான்.

இதைப் படித்துச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கு மேலே பத்து பெரண்டாம் விமான நிலையத்தின் சிறு பயிற்சி விமானங்கள் அடிக்கடி வட்டமிடும். அப்படிப்பட்ட பிஸ்டன் இஞ்சின் விமானங்களிலும் பெட்ரோல் தொட்டிக்குக் காற்றுத் துளை உண்டு. பறப்பதற்கு முன் விமானி சுற்றிவந்து பார்க்கும்போது, அந்தத் துளையைப் பூச்சி அடைத்திருக்கிறதா என்றும் பார்ப்பார். தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அந்த இஞ்சின்களில் பொறிக்கு ஒன்றுக்கு இரண்டு மேக்னெட்டோ வைத்திருப்பார்கள். வானத்தில் ஓரமாக நிறுத்திப் பழுது பார்க்க முடியாதல்லவா! 1996 பிப்ரவரி 6ஆம் நாள் டொமினிக்கன் குடியரசில் புறப்பட்ட ஒரு போயிங் 757 கடலில் விழுந்து, அதிலிருந்த 189 பேரும் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் குழாய் அடைபட்டுத் தவறான வேகம் காட்டியதில் தொடங்கிய விபத்து அது. பல நாள் மூடாமல் விட்ட அந்தக் குழாயில் மண் குளவி கூடு கட்டியிருக்கலாம் என்பதே விசாரணையாளர்களின் வலுவான சந்தேகம்.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் வீட்டு மெஷின் விட்டுவிட்டு இருமினால், பழைய பெட்ரோலைக் கொஞ்சம் கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தனிப் படலமாக நிற்கும். பாதி காலியான தொட்டி, நம் ஊர் ஈரக்காற்று, குளிர்ந்த விடியல் என்று மூன்றும் சேர்ந்தால் நீர்த்துளி பிடிக்கும். தோட்டத்தில் அப்பா முதுகில் சுமக்கும் மெஷினுக்குக் கலந்து வைத்த எண்ணெய்ப் பெட்ரோலையும் இதில் ஊற்றிவிடக் கூடாது. அது இரண்டடி இஞ்சினுக்கானது.

கத்தியை இயக்கியதும் இஞ்சின் படுத்தால் அது வேறு கதை. கத்தி மழுங்கியிருக்கும், அல்லது ஈரப்புல் தட்டின் அடியில் கட்டிபோல் ஒட்டியிருக்கும். மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் நின்றால் ஒயர்களைப் பார்க்க வேண்டும். இந்த வகை இஞ்சின்களில் ஒரு வேடிக்கை உண்டு. விளக்குக்குச் சுவிட்சை இணைத்தால் எரியும். மேக்னெட்டோவிலோ, அதன் ஒயரை இரும்புச் சட்டத்தோடு இணைத்தால்தான் அணையும். ஆகவே ஓர் ஒயர் தோலுரிந்து சட்டத்தில் உரசினாலே இஞ்சின் நின்றுவிடும்.

இருக்கைக்கு அடியில் இருக்கும் சுவிட்சும் அப்படித்தான் வேலை செய்கிறது. கத்தி சுழலும்போது ஓட்டுபவர் எழுந்தால் பொறியை நிறுத்திவிடும். ஒயர்களைத் தேடியபோதுதான் பார்த்தேன், அண்ணன் அந்த ஒயரைக் கழற்றி ஓரமாகக் கட்டி வைத்திருந்தார். “அதுனாலதான் நிக்குதோன்னு கழட்டிப் பார்த்தேன் சார். அப்புறம் அப்படியே விட்டுட்டேன்.” அப்படியே விட்டு மூன்று வாரம். பிள்ளைகளிடம் கணக்குப் போடச் சொன்னேன். கத்தியின் முழு நீளம் 50 செ.மீ. என்றும், நிமிடத்துக்கு 3000 முறை சுழல்கிறது என்றும் வைத்தால், அதன் நுனி ஒரு சுற்றில் 1.57 மீட்டர் போகிறது. ஒரு நொடிக்கு 50 சுற்று. அதாவது நொடிக்கு 78.5 மீட்டர், மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல். அண்ணன் அந்த எண்ணைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. கருவிப் பெட்டியை எடுத்து, வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்த ஒயரை இணைத்தார். பிறகு உட்கார்ந்தபடி கத்தியை ஓடவிட்டு, மெல்ல உடம்பைத் தூக்கிப் பார்த்தார். இஞ்சின் சட்டென்று நின்றது. அன்று அவர் முகத்தில் இஞ்சின் நின்றதற்காகச் சிரிப்பு வந்தது அப்போதுதான்.

மூடியைக் கழுவி, மெல்லிய கம்பியால் துளையைச் சுத்தம் செய்து, வாயால் ஊதாமல் சைக்கிள் பம்பால் காற்றடித்தார். புது மூடி வாங்கினாலும் காயல் விலையில் சிறு பங்குதான் வரும். பழையதே போதும் என்றுவிட்டார். அடுத்த நாள் தொட்டி நிறைய ஊற்றி, ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினார். ஓட்டப் பாதைக்குக் கோடு போடப் புல் சரியான உயரத்தில் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அவரைப் பார்த்தபோது, குளவி மறுபடி வந்துவிட்டது என்றார். கொட்டகையில் நிறுத்திய மெஷினின் அதே மூடி, அதே துளை. இப்போது இரவில் மூடியின் மேல் ஒரு பழைய துணியைச் சுற்றி வைக்கிறார். காலையில் அதை எடுத்து, துளையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறாராம்.